20 டன் ஜாக்கியும் 12 டன் சட்டமும்

எங்கள் பட்டறையின் பின்சுவரில் வளைந்துபோன இரண்டு இரும்புச் சேனல்கள் இன்றும் சாய்ந்து நிற்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை விலை கேட்டும் நான் அவற்றைக் கொடுக்கவில்லை. நான் முதன்முதலில் செய்த ஹைட்ராலிக் பிரஸ்ஸின், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பொருளை அழுத்தித் தள்ளும் கருவியின், மேல்விட்டமாக (மேல் குறுக்கு உத்திரமாக) இருந்தவை அவை. இரண்டாவது பிரஸ்ஸைச் செய்து முடித்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், முதலாவது ஏன் வளைந்தது, இரண்டாவது ஏன் வளையவில்லை, அதற்குப் பிறகு அதற்கென்று என்னென்ன துணைக்கருவிகளைச் செய்தேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-க்கு அடுத்த ஆண்டில், காவேரிப்பட்டணத்தில் பாலக்கோடு சாலையோரமாக இந்தப் பட்டறையைத் தொடங்கினேன். மோனோபிளாக் மோட்டார், டிராக்டர், ரோட்டவேட்டர் ஆகியவை ஆண்டு முழுவதும் வரும். மே மாதக் கடைசியில் தொடங்கி மாம்பழக் கூழ் ஆலைகளின் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆலையில் பழத்தைக் கூழாக்கும் பல்ப்பர் இயந்திரம் ஒரு நாள் நின்றாலும், வாசலில் லாரிகளில் நிற்கும் பழம் காத்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பேரிங்கைக் கழற்றுவதற்காக ஷாப்ட்டைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய், அங்குள்ள பிரஸ்ஸுக்கு முன்னால் வரிசையில் நிற்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. போக முடியாத நாட்களில் சம்மட்டியையும் பித்தளைக் கட்டையையும் வைத்து அடித்துப் பேரிங்கை ஏற்றியிருக்கிறேன். அடி ஒவ்வொன்றும் குண்டுகளின் வழியாக ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை ஏற்படுத்திவிடும். பத்து நாள் கழித்து அதே மோட்டார் "சத்தம் போடுது" என்று திரும்பி வரும்போதுதான் அந்த அடியின் விலை தெரியும்.

அதனால் லாரியைத் தூக்கும் பாட்டில் ஜாக்கி ஒன்றை வைத்து நானே ஒரு பிரஸ் செய்வது என்று முடிவெடுத்தேன். பாட்டில் ஜாக்கியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதில் மாயம் ஒன்றுமில்லை என்பது தெரியும். அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதிதான் அதன் முழு உள்ளடக்கம். என் ஜாக்கியில் கைப்பிடியால் இயங்கி எண்ணெயைத் தள்ளும் சிறிய தண்டான பிளஞ்சரின் விட்டம் 12 மி.மீ.; பெரிய சிலிண்டரின் உள்விட்டம் 60 மி.மீ. விட்டம் 5 மடங்கு என்பதால் பரப்பு 25 மடங்காகிறது. கைப்பிடியின் நெம்புதல் ஏறத்தாழ 20 மடங்கு. ஆகவே நான் 40 கிலோ விசையோடு கைப்பிடியை அழுத்தினால் பிளஞ்சரின் மேல் 800 கிலோவும், மேலே எழும் தண்டில் 20,000 கிலோவும் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் பூட்டுகள் செய்துவந்த ஜோசப் பிராமா என்பவர் 1795-ஆம் ஆண்டில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றபோது, அவரைத் தடுமாற வைத்தது விசைக் கணக்கு அல்ல. தண்டின் ஓரமாக ஒழுகும் தண்ணீர்தான். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் கிண்ணம் போல் வளைந்த தோல் வாசரைப் போட்டு அந்த ஒழுக்கை நிறுத்தியவர் என்பார்கள். அழுத்தம் ஏற ஏறக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தெருவில் இருந்த அடிபம்பின் தோல் வாசரை மாற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜாக்கி சரியாக இருந்ததால் அதன் மேல் எழுதியிருந்த '20 டன்' என்ற எழுத்தையே நான் பிரஸ்ஸின் திறனாகவும் எடுத்துக்கொண்டேன். என் முதல் பிழை அதுதான். பழைய இரும்புக் கடையில் கிடைத்த 100 மி.மீ. சேனல்கள் இரண்டை முதுகும் முதுகும் பார்க்க மேலே வைத்து, அதே சேனலைப் பக்கத் தூண்களாக நிறுத்தி, இரண்டே நாளில் பற்றவைத்து முடித்துவிட்டேன். சிறிய மோட்டார்களின் பேரிங்குகளை அது அழகாகக் கழற்றிக் கொடுத்தது. பின்னர் ஒரு நாள் துருப்பிடித்து இறுகியிருந்த டிராக்டர் பின் அச்சின் பேரிங் வந்தது. கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீட்டிக்கொண்டு நானும் உதவிக்கு இருந்த தம்பியும் மாறி மாறி அழுத்தினோம். பேரிங் நகரவில்லை, ஆனால் கைப்பிடி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் எங்கே போகிறது என்று குனிந்து ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தலைக்கு மேல் விட்டம் வில்லாக வளைந்துகொண்டிருந்தது தெரியவில்லை. வெடி போன்ற சத்தத்தோடு பேரிங் விடுபட்டது. அழுத்தத்தை விட்ட பிறகும் விட்டம் நிமிரவில்லை. நடுவில் 8 மி.மீ. மேல்நோக்கிப் புடைத்து நின்றது.

அன்று இரவு செய்த கணக்கை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட விட்டத்தின் நடுவில் ஒரு விசை வந்தால், விசையை நீளத்தால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த விட்டத்தை வளைக்கும் அளவு. 20 டன் என்பது 196 கிலோநியூட்டன். தூண்களுக்கு நடுவே 600 மி.மீ.; ஆகவே 29.4 கிலோநியூட்டன் மீட்டர். இதைத் தாங்குவது சேனலின் எடை அல்ல, அதன் வெட்டுமுக எண்; அதாவது வெட்டுமுகத்தின் வடிவமும் உயரமும் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் அளவு. 100 மி.மீ. சேனல் இரண்டுக்கும் சேர்த்து அது ஏறத்தாழ 75 கன செ.மீ. வகுத்துப் பார்த்தால் சதுர மி.மீட்டருக்கு 390 நியூட்டனுக்கு மேல் வருகிறது. ஐ.எஸ். 2062 தரத்தின் சாதாரணக் கட்டுமான இரும்பு 250-இலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். திருப்பிக் கணக்கிட்டால் அந்தச் சட்டம் சுமார் 12½ டன்னுக்குமேல் நேராக நின்றிருக்க வாய்ப்பே இல்லை. ஆக, நான் செய்து வைத்திருந்தது 20 டன் ஜாக்கி பொருத்திய 12 டன் பிரஸ். அது உடையாமல் வளைந்தது என் நல்ல காலம். வார்ப்பிரும்பில் செய்திருந்தால் வளைந்திருக்காது, உடைந்து தெறித்திருக்கும்.

இரண்டாவது சட்டத்துக்கு மேலும் கீழும் 150-க்கு 75 மி.மீ. சேனல்களை எடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து வெட்டுமுக எண் ஏறத்தாழ 208 கன செ.மீ. என்பதால் அதே 20 டன்னில் அழுத்தம் 141 ஆகக் குறைந்துவிடுகிறது. இடைப்பட்ட 125 மி.மீ. சேனல் போதாதா என்று கடைக்காரர் கேட்டார். அதில் 220 வரும். கைப்பிடியில் யாராவது பைப்பைச் சொருகி நீட்டினால் (சொருகுவார்கள், நானே சொருகியிருக்கிறேன்) எல்லை கடந்துவிடும். சேனலின் உயரம் ஒன்றரை மடங்கானபோது எடை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஏறியது, வலிமையோ கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. இரும்பில் கஞ்சத்தனம் பிடிக்க நினைப்பவர்கள் தூணின் தடிமனில் பிடிக்கலாம். விட்டத்தின் உயரத்தில் பிடிக்கக் கூடாது. தூண்கள் வெறும் இழுவிசையை மட்டும் ஏற்பதால் அவற்றுக்கு 100 மி.மீ. சேனலே போதுமானதாக இருந்தது.

கீழ்மேடை தூண்களோடு பற்றவைக்கப்படவில்லை. தூண்களில் 100 மி.மீ. இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. அவற்றில் இ.என். 8 என்ற வலுவான இரும்பில் கடைந்த 25 மி.மீ. பின்களைச் சொருகி, அவற்றின் மேல் மேடை உட்காருகிறது. ஒவ்வொரு பின்னும் 10 டன்னைத் தூணின் இரு பக்கமும் பகிர்ந்து தாங்குவதால், வெட்டுமுகம் ஒன்றுக்கு 5 டன்தான். இந்தத் துளைகளைக் கேஸ் கட்டிங்கில் ஓட்டை போட்டுவிடலாம் என்ற ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சொரசொரப்பான துளையில் பின் ஒரு புள்ளியில் மட்டும் உட்காரும். இரண்டு தூண்களின் துளைகளும் ஒரே மட்டத்தில் வராமல் போனால் மேடை என்றென்றும் சாய்ந்தே நிற்கும். நான் இரண்டு தூண்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மேக்னட் டிரில்லை வாடகைக்கு எடுத்துத் துளையிட்டேன். பின் தொடும் இடங்களில் மேடைச் சேனலின் உள்ளே 10 மி.மீ. தட்டுகளை நிறுத்திப் பற்றவைத்திருக்கிறேன். ஜாக்கி முட்டும் இடத்தில் மேல்விட்டத்துக்கும் அப்படியே. இல்லையென்றால் விட்டம் வளையாமல் இருந்தாலும், சேனலின் மெல்லிய நடுத்தகடு அந்த ஒரு இடத்தில் நசுங்கிவிடும்.

சட்டத்தைச் சதுரமாகப் பற்றவைக்க ஒரு தட்டையான தளம் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கிரானைட் பாலீஷ் ஆலையில் ஓரம் உடைந்ததற்காக ஒதுக்கி வைத்திருந்த பலகைக்கல் ஒன்றை வாங்கி வந்து, மட்டம் பார்த்துத் தரையில் பதித்து, அதன் மேல் வைத்தே மூலைகளை அளந்தேன். வெல்டிங்கில் ஒரு மூலையை முழுவதுமாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால், சூடு சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஆகவே எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாகப் பற்றவைத்துக்கொண்டு போனேன். 6 மி.மீ. பற்று ஒரு மி.மீ. நீளத்துக்கு 40 கிலோவைத் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால், 10 டன் வரும் ஒவ்வொரு முனைக்கும் 250 மி.மீ. நீளமாவது வேண்டும், நான் அதற்கு இரட்டிப்பாகவே போட்டிருக்கிறேன். 7018 வெல்டிங் ராடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தாமல் அடுப்பில் காயவைத்த பிறகே பயன்படுத்தினேன், ஏனென்றால் ஈரம் ஏறிய ராடில் விழும் பற்று வெளியே அழகாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய விரிசலோடு இருக்கக்கூடும். மூலைகளில் போல்ட்டுகளும் இருக்கின்றன. அவை பற்றவைக்கும்போது சட்டத்தை நேராகப் பிடிப்பதற்காகத்தான். பற்றும் போல்ட்டும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை.

ஜாக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் தண்டு நேரடியாகக் கீழே இறங்குமே என்று பலரும் கேட்கிறார்கள். சாதாரணப் பாட்டில் ஜாக்கியில் எண்ணெய் உறிஞ்சும் வழி அடியில் இருக்கிறது; கவிழ்த்தால் எண்ணெய் மறுபக்கம் போய், பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். அதனால் ஜாக்கி ஒரு நகரும் பலகையின் மேல் நிமிர்ந்தே நிற்கிறது. அதன் தலை மேல்விட்டத்தில் முட்டும்போது பலகை கீழே இறங்குகிறது. வால்வைத் திறந்தவுடன் இரு பக்கமும் உள்ள இழுப்பு ஸ்பிரிங்குகள் பலகையை மேலே தூக்கிவிடுகின்றன. ஜாக்கியும் பலகையும் சேர்ந்து 22 கிலோ இருந்ததால், சுருங்கிய நிலையிலேயே ஆளுக்கு 20 கிலோ இழுக்கக்கூடிய ஸ்பிரிங்குகளைத் தேடி வாங்கினேன். எடைக்குச் சரியாக மட்டும் வாங்கினால், எண்ணெயைத் திருப்பித் தள்ளும் பலம் இல்லாமல் பலகை பாதியிலேயே தொங்கும்.

இத்தனைக்கும் மேலாக நான் செலவழித்ததில் மிகவும் பயனுள்ளது அழுத்தமானிதான். ஜாக்கியை முழுவதுமாகப் பிரித்து, அடிப்பகுதியில் பெரிய சிலிண்டருக்குப் போகும் வழியில் துளையிட்டு மரை வெட்டி, சீவல் ஒன்றுகூட உள்ளே தங்காதபடி கழுவி, சதுர செ.மீட்டருக்கு 1000 கிலோ வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய மானியைப் பொருத்தினோம். 60 மி.மீ. சிலிண்டருக்கு ஒரு டன் என்பது சதுர செ.மீட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோ. ஆகவே 10 டன்னுக்கு 354, 20 டன்னுக்கு 707. டன்களைக் குறித்து ஒரு காகித வட்டத்தை வெட்டி முகப்பின் மேல் ஒட்டியிருக்கிறேன். முள் ஏறிக்கொண்டே போய் வேலை நகராமல் இருந்தால் நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்: எங்காவது பேரிங்கைப் பூட்டி வைக்கும் சர்க்கிளிப் வளையம் ஒன்றைக் கழற்ற மறந்திருப்போம். முள் திடீரென்று நின்றுவிட்டு கைப்பிடி மட்டும் இறங்கிக்கொண்டே போனால், ஏதோ ஒன்று வளைகிறது. முதல் பிரஸ்ஸில் இந்த மானி இருந்திருந்தால், பின்சுவரில் இருக்கும் சேனல்கள் இன்னும் மேலேயே இருந்திருக்கும்.

அப்படியும் இந்தச் சட்டமும் ஜாக்கியும் சேர்ந்தது வெறும் அழுத்தும் பொருள்தான். எங்கே அழுத்துவது, எதைத் தாங்கிப் பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பவை துணைக்கருவிகள். முதலில் செய்தது 25 மி.மீ. தடிமனில் இரண்டு தாங்குதட்டுகள். நான்கு ஓரங்களிலும் வெவ்வேறு அகலத்தில் பள்ளம் வெட்டியிருப்பதால், தட்டைத் திருப்பி வைத்தால் ஷாப்ட்டுக்கு ஏற்ற வாய் கிடைத்துவிடும். அடுத்து, நகரும் பலகையின் அடியில் 20 மி.மீ. துளையுள்ள ஒரு கிண்ணத்தைப் பற்றவைத்து, அதில் மாற்றி மாற்றிப் பொருத்தும்படி 8 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை தள்ளுதண்டுகளைக் கடைந்து வாங்கினேன். இந்த இரண்டும் இல்லாத பிரஸ் வீட்டில் அம்மி இருந்து குழவி இல்லாதது போலத்தான்.

அதன் பிறகு குழல்கள். பேரிங்கை ஷாப்ட்டின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே தள்ள வேண்டும்; பேரிங் உட்காரும் கூட்டுக்குள் (ஹவுசிங்) இறக்கும்போது வெளிவளையத்தை மட்டுமே. மாற்றித் தள்ளினால் சம்மட்டியால் அடித்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 6205 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52 மி.மீ.; அதன் உள்வளையத்தைத் தள்ள 25½ மி.மீ. உள்விட்டமும் 30 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள குழல் ஒன்று போதும். இப்படி 6203 முதல் 6308 வரை ஒவ்வொன்றுக்கும் ஜோடியாகக் கடைந்தோம்.

கடைவதற்குச் சோம்பல்பட்டு, ஒரு நாள் பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே குழலாக வைத்து அழுத்தினேன். அது அளவில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பேரிங் வளையம் கண்ணாடியைப் போலக் கடினமாக்கப்பட்ட இரும்பு. வளைந்து எச்சரிக்கும் குணம் அதற்கு இல்லை. முள் 8 டன்னைத் தொட்டபோது வளையம் வெடித்து, ஒரு துண்டு தகரக் கதவைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. கதவுக்கும் எனக்கும் இடையே இரண்டடிதான் இடைவெளி. அன்று மாலையே பிரஸ்ஸின் முன்னும் பின்னும் கம்பி வலைச் சட்டமும், அதன் பின்னால் பாலிகார்பனேட் தகடும் வந்துவிட்டன. அக்ரிலிக் மலிவாகக் கிடைக்கும். அதுவும் சில்லுச் சில்லாக உடைந்து பறக்கும் என்பதால் வாங்க வேண்டாம்.

தகடு வளைக்கும் அச்சு நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்தது. கன்வேயர் பிராக்கெட், ரோட்டவேட்டர் கவசம் என்று தினமும் ஏதாவது வருகிறது. 'வி' வடிவப் பள்ளத்தின் வாய் அகலம் தகட்டின் தடிமனைப் போல 8 மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 6 மி.மீ. தகட்டை 48 மி.மீ. வாயில் வைத்து 150 மி.மீ. நீளத்துக்கு வளைக்க 6¼ டன் போதும். வளைக்கும் நீளம் இரட்டிப்பானால் விசையும் இரட்டிப்பாகும். தடிமனோ இரட்டிப்பானால் அதே வாயில் விசை 4 மடங்காகும். இதைச் சொல்லியும் கேட்காமல், அதே வாயில் 8 மி.மீ. தகட்டை 250 மி.மீ. நீளத்துக்கு வளைத்துத் தரச் சொன்ன ஒருவருக்கு மானியைக் காட்டினேன்: கணக்கு 18½ டன் என்றது, முள்ளும் அந்த அருகில்தான் நின்றது. தகடு எப்போதும் இரண்டு மூன்று பாகை திரும்பி விரியும் என்பதால், 90-க்குச் சற்று அதிகமாகவே அழுத்த வேண்டும்.

மின்சாரப் பம்பைப் பொருத்திவிட்டால் கை வலிக்காதே என்று அக்கறையோடு சொல்பவர்களுக்கு நான் ஷாப்ட் நிமிர்த்தும் வேலையைத்தான் காட்டுவேன். சென்ற சீசனில் ஒரு பல்ப்பரின் 35 மி.மீ. ஷாப்ட் நடுவில் 1.2 மி.மீ. வளைந்து வந்தது. இரண்டு 'வி' கட்டைகளின் மேல் அதைக் கிடத்தி, நுண்ணிய அளவைக் காட்டும் டயல் கேஜின் கீழ் உருட்டி, உயர்ந்த பக்கத்தைச் சாக்பீஸால் குறித்து மேலே திருப்பி வைத்து அழுத்த வேண்டும். இரும்பு முதலில் வளைந்து திரும்பும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு கொடுக்கும் அழுத்தம்தான் தங்கும். பிளஞ்சர் ஒரு முழு அடியில் 12 மி.மீ. நகர்ந்தால் பெரிய தண்டு அரை மி.மீ.தான் நகரும். கால் அடி கொடுத்தால் 0.1 மி.மீ. அளவுக்குக்கூட நிதானமாக நகர்த்தலாம். அந்த நிதானத்தை இயந்திரப் பம்பின் பொத்தானில் எதிர்பார்க்க முடியாது. அழுத்துவது, விடுவது, டயலைப் படிப்பது என்று ஒரு மணி நேரம் போராடி வளைவை 0.05 மி.மீட்டருக்குக் கொண்டுவந்து, அதே ஷாப்ட்டில் இரண்டு பேரிங்கையும் ஏற்றி, இருட்டுவதற்குள் ஆலைக்கு அனுப்பிவிட்டோம்.

இரும்பு, ஜாக்கி, மானி, டிரில் வாடகை, லேத் கூலி எல்லாம் சேர்ந்து எனக்கு ஏறத்தாழ 17,000 ரூபாய் ஆனது. துணைக்கருவிகளின் செலவு தனி. அது இன்னும் முடியவில்லை. குழல்கள் அனைத்தையும் பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து, பேரிங் எண்ணை எழுதி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். 6308 என்று எழுதிய ஆணி மட்டும் காலியாக இருக்கிறது. இரண்டே நாளில் தருகிறேன் என்று சொல்லி லேத் பட்டறை அண்ணன் எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது.